குறைமாதக் குழந்தைகளுக்கான சுவாச ஆதரவு

தாயின் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு, 37 வாரங்கள் நிறையும் முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். அதன் நுரையீரல் தானாக இயங்கும் பக்குவத்தை அடையும் வரை மூச்சுவிடத் துணைசெய்யும் மருத்துவ முறைகளின் தொகுப்பே சுவாச ஆதரவு ஆகும். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, பிறந்தவுடன் உடற்சூட்டைக் காத்தல், மூக்கு வழியாகத் தரப்படும் அழுத்தக் காற்று, நுரையீரலுக்குள் செலுத்தப்படும் சர்ஃபாக்டன்ட், காஃபீன் மருந்து, வென்டிலேட்டர் ஆகியவை இதில் அடங்கும். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள்.

இச்சிகிச்சை என்றதும் கண்ணாடிப் பெட்டியும் மின்னும் திரைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை இருப்பது பெரிய மருத்துவமனைகளில். குறைப்பிரசவ வலியோ அம்பாசமுத்திரத்திலோ, கல்லிடைக்குறிச்சியிலோ, பாபநாசம் மலைமேல் உள்ள ஒரு காணிக் குடியிருப்பிலோ தொடங்குகிறது. குழந்தையின் மூச்சைத் தீர்மானிக்கும் வேலைகளில் பாதி, அது பெரிய மருத்துவமனையின் வாசலை அடையும் முன்பே நடந்திருக்க வேண்டும். ஆகவே இக்கட்டுரை கருவிகளைப் பற்றிப் பேசுமளவுக்கு அந்த முந்தைய வேலைகளைப் பற்றியும் பேசுகிறது.

கருவில் நுரையீரல்

கருவில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலால் மூச்சுவிட வேண்டிய தேவை இல்லை. ஆக்சிஜன் நச்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. நுரையீரல் திரவத்தால் நிரம்பி, பிறப்புக்காகக் காத்திருக்கிறது. ஏறத்தாழ 16 வாரங்களுக்குள் மூச்சுக்குழாய்க் கிளைகள் உருவாகிவிடும். 24-ஆம் வாரத்தையொட்டிக் குழாய்களின் நுனிகளில் சிறு பைகள் தோன்றத் தொடங்கும். அவற்றை ஒட்டி இரத்த நுண்குழாய்கள் படரும். முழு வடிவிலான காற்று நுண்ணறைகள் கருக்காலத்தின் கடைசி வாரங்களில்தான் பெருகுகின்றன. பிறந்த பின்னும் சில ஆண்டுகளுக்கு அவை பெருகிக்கொண்டே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு நம்பிக்கை தருவது இந்தக் கடைசிச் செய்திதான்: காலம் கிடைத்தால் நுரையீரல் வளரும்.

'பத்து மாதம் சுமந்து' என்ற வழக்கு, 28 நாள் கொண்ட மாதமாகக் கணக்கிட்டால் 40 வாரங்களுக்குத் துல்லியமாகப் பொருந்துகிறது. இன்னொரு வழக்குதான் பொருந்தவில்லை. ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தது தங்காது என்று இன்றும் சொல்வார்கள். பண்டைய கிரேக்க மருத்துவத்திலும் இதே நம்பிக்கை இருந்தது. உண்மை இதற்கு நேர் எதிரானது. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு ஆதாயமே. 32 வாரக் குழந்தை 28 வாரக் குழந்தையைவிட நன்றாக மூச்சுவிடும். எட்டாம் மாதம் என்று சொல்லி நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஏழாம் மாதம்தானே என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்து.

சர்ஃபாக்டன்ட்

நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் உள்ளது. எல்லா நீர்ப்பரப்பையும் போல அதுவும் தன் பரப்பு இழுவிசையால் சுருங்க முயலும். சோப்புக் குமிழிக்குள் இருக்கும் மிகையழுத்தம் அதன் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதை மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலில் மாணவர்கள் படிக்கிறார்கள். நுண்ணறைக்கும் அதே விதிதான். அறை சிறியதாகச் சிறியதாக, அதை விரித்து வைக்க அதிக அழுத்தம் தேவைப்படும். குறைமாதக் குழந்தையின் அறைகளோ மிகச் சிறியவை.

இச்சிக்கலைத் தீர்க்க உடலே ஒரு பொருளைச் சுரக்கிறது. நுண்ணறைச் சுவரின் இரண்டாம் வகை உயிரணுக்கள் உருவாக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த அப்பொருளே சர்ஃபாக்டன்ட். நீர்ப்படலத்தின் மேல் பரவி இழுவிசையைக் குறைத்து, மூச்சை வெளிவிட்ட பின்னும் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இது காக்கிறது. ஏறத்தாழ 24-ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்கினாலும், 34, 35 வாரங்களில்தான் போதிய அளவை எட்டுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தையின் அறைகள் ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் மூடிக்கொள்ளும். புது பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கடினம். இக்குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதலாகிவிடுகிறது. சில மணி நேரத்தில் அது களைத்துப்போகும். இதுவே மூச்சுத்திணறல் நோய்த்தொகுதி எனப்படுகிறது.

இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் குறைந்திருப்பதை 1959-இல் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினர். காரணம் தெரிந்தாலும் மருந்து கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2 கிலோவுக்குச் சற்றே கூடுதல் எடையுடன் பிறந்து, 39 மணி நேரத்தில் இறந்தான். அன்று உலகின் மிகச் சிறந்த மருத்துவர்களாலும் காப்பாற்ற முடியாத அத்தகைய குழந்தை இன்று மாவட்ட அளவிலான மருத்துவமனையிலேயே பிழைப்பது வழக்கமாகிவிட்டது.

தாய்க்குப் போடும் ஊசி

நியூசிலாந்து மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ் பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஓர் ஆட்டுக்குட்டி, உயிரோடு இருக்கவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும் மூச்சுவிட்டது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. இக்கவனிப்பைத் தொடர்ந்து, குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து ஆக்லாந்தில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வை 1972-இல் வெளியிட்டார். குறைப்பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால், அது நச்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் நுரையீரலை விரைவாகப் பக்குவப்படுத்துகிறது. எளிய முறையாக இருந்தும் மருத்துவ உலகம் இதைப் பரவலாக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் கோக்ரேன் அமைப்பு, இம்முறை பற்றிய ஆய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்திருப்பது அந்தத் தாமதத்தை நினைவூட்டத்தான்.

இந்தியாவில் டெக்சாமெதசோன் பயன்படுகிறது. 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறை தசையில் ஊசியாகப் போடுவர். விலை மிகக் குறைவு. குளிர்பதனப் பெட்டியும் தேவையில்லை. 24 முதல் 34 வாரங்களுக்குள் குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைத் துணைச் செவிலியரே போடலாம் என்று இந்திய அரசின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் இவர்களே கிராம சுகாதார செவிலியர்கள். முழுப் பலன் கிடைக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால், முதல் ஊசியை எங்கே போடுவது என்பது சிறிய கேள்வி அன்று. வலி வந்த தாயை ஊசி போடாமல் வண்டியில் ஏற்றினால் பயண நேரம், அனுமதிச் சீட்டு, பரிசோதனை என்று சில மணி நேரம் வீணாகும். அந்தச் சில மணி நேரம்தான் குழந்தைக்கு வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் போட்டுவிடலாமா என்றால், கூடாது. ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இதைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வொன்று 2015-இல் வெளியானபோது முடிவு அதிர்ச்சியளித்தது. ஊசி பெற்ற தாய்மார் பலர் குறைமாதத்தில் பிரசவிக்கவே இல்லை. ஒட்டுமொத்தக் குழந்தை இறப்பும் குறையவில்லை, மாறாகச் சற்றே கூடியது. பின்னர் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. கருவின் வயதை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு உள்ள மருத்துவமனையில் கொடுத்தபோது டெக்சாமெதசோன் குழந்தை இறப்பைத் தெளிவாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: இந்த ஊசி பலன் தர, கருவுக்கு எத்தனை வாரம் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் அதைச் சரியாகச் சொல்லும். ஏழாம் மாதத்தில் எடுப்பது இரண்டு மூன்று வாரம் பிசகக்கூடும். கர்ப்பத்தை முன்கூட்டியே பதிவுசெய்யுமாறு செவிலியர் வற்புறுத்துவதற்கு உதவித்தொகை மட்டும் காரணமில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு

அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை உள்ளது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனை பாளையங்கோட்டையில், மக்கள் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் இடத்தில் இயங்குகிறது. இடையே கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மலையடிவார ஊர்களுக்கு இதைவிடக் கூடும். காரையாறு அணைக்கு அப்பால் உள்ள இஞ்சிக்குழி போன்ற காணிக் குடியிருப்புகளுக்கோ சாலைக் கணக்கே பொருந்தாது.

அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மூன்று படிகளாக அமைந்துள்ளது. பிரசவம் நடக்கும் இடம்தோறும் குழந்தைக்கு முதல் மூச்சு கொடுக்க ஒரு மூலை. அடுத்த நிலை மருத்துவமனைகளில் நிலைப்படுத்தும் பிரிவு. மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கியது. பச்சிளங்குழந்தைகளுக்கென இன்குபேட்டர் பொருத்திய ஊர்திகளும் இப்போது உண்டு. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் பயணமும் இலவசம் என்பது 2011 முதல் நடுவண் அரசுத் திட்டம்.

இவ்வளவு இருந்தும் சிறந்த இன்குபேட்டர் தாயின் கருப்பையே. 34 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தாலோ விட்டுவிட்டு இடுப்புவலி வந்தாலோ, பிரசவம் உடனே ஆகிவிடும் நிலையில் இல்லாவிட்டால், முதல் ஊசியைப் போட்டுத் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே நல்லது. குழந்தை பிறந்த பின் அதைத் தனியாக அனுப்புவது இரண்டாந்தரமான வழி. அப்படி அனுப்ப நேர்ந்தால் சூடும் மூச்சும் வழியில் காக்கப்பட வேண்டும். உடல் குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவை கூடும், சர்ஃபாக்டன்ட் சுரப்பு மங்கும். இன்குபேட்டர் ஊர்தி கிடைக்காதபோது, மூச்சு நிலையாக உள்ள குழந்தையைத் தாய் அல்லது உறவினர் நெஞ்சோடு தோல்படச் சேர்த்துக்கொண்டு செல்வது ஏற்கப்பட்ட முறையே.

பிறந்த முதல் நிமிடங்கள்

குழந்தை மூச்சுவிட்டால் தொப்புள் கொடியை உடனே வெட்டாமல் குறைந்தது 30 முதல் 60 வினாடிகள் காத்திருப்பர். நச்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்குச் சேரும். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையைத் துடைக்காமலே கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் இட்டு வார்மரின் கீழ் வைப்பர். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் ஈரம் ஆவியாகிக் குளிர்வதை அது தடுக்கிறது. மூச்சு வராவிட்டால் முகமூடியும் பையும் கொண்டு காற்றைச் செலுத்துவர். தொடக்கத்தில் தூய ஆக்சிஜன் தருவதில்லை. 21 முதல் 30 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றே போதும்.

பிறகு குழந்தையின் மூச்சைக் கவனிப்பர். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூக்குத் துவாரம் விரிதல், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், நெஞ்சும் வயிறும் மாறிமாறி ஏறியிறங்குதல், மூச்சை வெளிவிடும்போது முனகல் ஆகியவை திணறலின் அடையாளங்கள். 1956-இல் உருவான சில்வர்மேன்–ஆண்டர்சன் மதிப்பெண் முறையில் இவற்றை 0 முதல் 10 வரை அளக்கலாம். கண்ணும் காதும் தவிர வேறு கருவி வேண்டாம்.

குமிழி சிபாப்

அந்த முனகலைச் சற்று நின்று கேட்க வேண்டும். அது வலியின் ஒலி அன்று. மூச்சை வெளிவிடும்போது குழந்தை தன் குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்று முழுவதும் வெளியேறாமல் தடுக்கிறது. உள்ளே மிஞ்சும் அழுத்தம் அறைகளைத் திறந்து வைக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமல் குழந்தை செய்துகொள்ளும் சிகிச்சை இது. இதையே களைப்பின்றிச் செய்ய உதவும் கருவிதான் சிபாப், அதாவது தொடர் நேர்மறைக் காற்றழுத்தம். சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி 20 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து, 16 பேர் பிழைத்த செய்தியை 1971-இல் வெளியிட்டார்.

இதன் எளிய வடிவம் குமிழி சிபாப். ஆக்சிஜனும் காற்றும் கலந்து, சூடாக்கி, ஈரப்படுத்தி, மூக்கில் பொருத்திய இரு சிறு குழல்கள் வழியாகச் செலுத்துவர். வெளியேறும் குழாயின் நுனி ஒரு புட்டி நீருக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். காற்று அந்த நீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற வேண்டும் என்பதால் நுரையீரலுக்குள் எப்போதும் 5 சென்டிமீட்டர் நீரழுத்தம் நிற்கும். அழுத்தத்தைக் கூட்டக் குழாயை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் போதும். குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் இருக்கிறது. நின்றுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குத் திணறல் தொடங்கும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே சிபாப் தருவதைக் கருதலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது.

கருவி எளிது; பராமரிப்பு எளிதன்று. மூக்குக் குழல் அளவு தவறினால் காற்று கசியும், இறுகினால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகும். வாய் திறந்திருந்தால் அழுத்தம் போய்விடும். காற்று வயிற்றில் சேர்ந்து உப்பும் என்பதால் வாய்வழியாக ஒரு குழாய் போட்டு வெளியேற்ற வேண்டும். மணிக்கொருமுறை பார்க்கும் செவிலியர் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவியாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் இச்சிகிச்சையின் வெற்றியைக் கருவிகளின் எண்ணிக்கையைவிட, ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள் என்ற எண்ணிக்கையே அதிகம் தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

சர்ஃபாக்டன்ட் செலுத்துதலும் வென்டிலேட்டரும்

சிபாப் கொடுத்தும் ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனால், மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த சர்ஃபாக்டன்டை மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவர். ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா 1980-இல் பத்துக் குழந்தைகளிடம் இதன் பலனைக் காட்டினார். முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். குழாயை இட்டு, மருந்தைச் செலுத்தி, உடனே எடுத்துவிட்டுச் சிபாப்புக்குத் திரும்புவது ஒரு முறை. மெல்லிய குழல் வழியாக, குழந்தை தானே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே கொடுப்பது இன்னும் மென்மையான முறை. மருந்தின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய். தாய்க்குச் சில ரூபாய் ஊசியை நேரத்தில் போட்டிருந்தால் பல குழந்தைகளுக்கு இது தேவைப்படாது.

எதுவும் போதாதபோது வென்டிலேட்டர். அது உயிர் காக்கும். கூடவே பிஞ்சு நுரையீரலைக் காயப்படுத்தவும் செய்யும். நீண்ட நாள் வென்டிலேட்டரிலும் அதிக ஆக்சிஜனிலும் இருந்த குழந்தைகளின் நுரையீரலில் ஏற்படும் நாள்பட்ட பாதிப்பை 1967-இல் முதலில் விவரித்தனர். அதனால்தான் எவ்வளவு விரைவில் குழாயை எடுக்கலாம் என்பதே மருத்துவர்களின் தினசரிக் கேள்வியாக இருக்கிறது.

ஆக்சிஜனும் கண்ணும்

ஆக்சிஜன் ஒரு மருந்து. அளவு மிஞ்சினால் நஞ்சு. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மேலைநாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானோர் பார்வை இழந்தனர். விழித்திரையின் வளர்ந்து முடியாத இரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பெருகி விழித்திரையைப் பிய்த்துவிட்டன. 1950-இல் குறைமாதத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அப்படிப் பார்வை இழந்தவர்களில் ஒருவர். பின்னர் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தபோது இறப்புகள் கூடின. இப்போது கையிலோ காலிலோ கட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 90 முதல் 95 விழுக்காடு இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர். ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்குக் கருவி 100 காட்டினால் அது மகிழ வேண்டிய செய்தி அன்று.

காஃபீனும் கங்காரு முறையும்

மூளையின் மூச்சுமையமும் பக்குவமடையாததால் இக்குழந்தைகள் திடீரென 20 வினாடிகளுக்கு மேல் மூச்சை நிறுத்திவிடுவதுண்டு. இதற்கு மருந்து காஃபீன் சிட்ரேட். நம் வீட்டு டிகாஷனில் இருக்கும் அதே காஃபீன்தான், அளந்து தூய்மைப்படுத்திய வடிவில். மூச்சு நிற்பதைக் குறைப்பதோடு நாள்பட்ட நுரையீரல் பாதிப்பையும் அது குறைக்கிறது என்று 2006-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

குழந்தையைத் தாயின் மார்பில் தோல்படச் சேர்த்துவைக்கும் கங்காரு முறை, 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. தாயின் மார்பில் குழந்தையின் மூச்சும் இதயத்துடிப்பும் சீராகின்றன. முன்பு குழந்தை நிலைப்பட்ட பிறகே இதைத் தொடங்கினர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடனேயே தொடங்கியபோது 28 நாள்களுக்குள் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. சிபாப் பொருத்திய குழந்தையையும் இப்படி வைத்துக்கொள்ளலாம். தந்தையும் பாட்டியும்கூட முறை மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பின்

திருநெல்வேலிப் பகுதியில் குழந்தை பிறந்ததும் நல்ல குணம் வாய்த்த உறவினர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைப்பது வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றையும் ஒழுங்குபடுத்தத் தெரியாது. ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் தேறிவந்த மூச்சு மறுபடி தடுமாறும். குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும் அப்படியே. தலை உலரச் சாம்பிராணிப் புகை காட்டுவது இக்குழந்தைகளுக்கு அறவே கூடாது. வீட்டில் பீடி, சிகரெட் புகையும் கொசுவர்த்திப் புகையும் அதே கணக்குதான். முதல் ஆண்டில் சாதாரணச் சளியும் நுரையீரல் வரை இறங்கக்கூடும் என்பதால், பார்க்க வருவோர் கை கழுவிவிட்டுத் தொடுவதும், இருமல் உள்ளவர் தள்ளியிருப்பதும், தடுப்பூசிகளைப் பிறந்த தேதியைக் கணக்கிட்டுத் தவறாமல் போடுவதும் அவசியம். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, பால் குடிக்கையில் உதடு நீலம் பாரித்தாலோ, விலா உள்வாங்கினாலோ மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை பிறந்த 30 நாள்களுக்குள் நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு 2 முதல் 3 வாரத்துக்குள்ளேயே. பல குழந்தைகள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவதால் தேதி மறந்துபோகிறது. கண் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கும் காலமோ சில நாள்கள்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் இந்தத் தேதி எழுதப்பட்டுள்ளதா என்று கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.